புள்ளி இரண்டு

விடியுமுன்னே எங்கள் விரல்கள் வேலையில் இறங்கிவிடும். ஐந்து மணிக்கு முதல் ஷிஃப்ட். வெளியே தெருவிளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே அறுபது கம்ப்யூட்டர்கள் ஒன்றாக விழித்துக்கொள்ளும். ஏசியின் குளிர் முதலில் கணுக்காலைப் பிடிக்கும், அப்புறம் முழங்கால், ஏழு மணிக்குள் தோள்பட்டை. மவுஸ் பிடித்த மணிக்கட்டில் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வலிக்கும். கண்ணுக்குள் மணல் கரகரக்கும். யாரும் பேசுவதில்லை. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல விசைகளின் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். அடுத்தவர் நோயை எட்டு மணி நேரம் படித்துப் பார்த்தால் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பியதும், அல்லது திரும்பாமலே போனதும், அவருடைய கோப்பு எங்களிடம் வரும். பெயரை மறைத்திருப்பார்கள். வயது இருக்கும், ஆணா பெண்ணா என்று இருக்கும். டாக்டர் எழுதியது, நர்ஸ் எழுதியது, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் படித்து, வந்த நோய்க்கு உரிய குறியீட்டை நாங்கள் போட வேண்டும். ஓர் எழுத்து, சில எண்கள். அதைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரன் ஒப்புக்கொள்வான், இல்லையென்றால் கையை விரிப்பான்.

எங்கள் வரிசையில் என் பக்கத்து நாற்காலி அகராதி அண்ணனுடையது. அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஹாலைக் கவனித்துக்கொள்ளும் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறார் என்று, "சரியான அகராதி புடிச்ச ஆளு" என்று எரிச்சலில் சொன்னார். நாங்கள் அதையே செல்லப் பெயராக்கிக்கொண்டோம். எந்த நோயைச் சொன்னாலும் புத்தகத்தைத் திறக்காமல் எண்ணைச் சொல்வார் அவர். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் மனைவி வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருக்கிறார். என் ரவிக்கைகள் எல்லாம் அந்த அண்ணி தைத்தவை.

முன்பு ஒரு ஷிஃப்டுக்கு இருபது கோப்புகள். அதுவே மூச்சு முட்டும். போன வருடம் முதலாளி ஒரு புது மென்பொருளைக் கொண்டுவந்தார். கோப்பைத் திறந்ததுமே அது தானாகப் படித்து, குறியீடுகளை மஞ்சள் கட்டத்தில் காட்டும். நாங்கள் 'ஏற்கிறேன்' என்று அழுத்தினால் போதும். அந்த மாதமே இருபது முப்பத்திரண்டானது.

முதலாளி கூட்டிய கூட்டத்தில் எழுந்து நின்றவர் அகராதி அண்ணன் ஒருவர்தான்.

"சார், அது படிக்கிறதை நாங்க மறுபடி படிச்சுப் பாக்கணும்ல? அதுக்கு நேரம் எங்க சார்?"

"படிக்கிற வேலை மெஷினோடது. நீங்க மேலோட்டமா பாத்தா போதும்."

"மேலோட்டமா பாக்குறதுக்கு நாங்க எதுக்கு சார்?"

முதலாளி சிரித்தார். "நானும் அதையேதான் யோசிச்சுட்டு இருக்கேன்."

அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை. அண்ணன் உட்கார்ந்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவின் முகம்தான் அப்போது கண்முன் வந்தது. ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு முகம் இருந்திருக்கும்.

நான்கு மாதம் ஓடியது. கை தானாக அழுத்தப் பழகிவிட்டது. சந்தேகம் வந்தால் டாக்டருக்குக் கேள்வி அனுப்ப ஒரு படிவம் உண்டு. அனுப்பினால் அந்தக் கோப்பு முடியாத கணக்கில் போய்விடும் என்பதால் எல்லோரும் அதை மறந்தே போனோம்.

அண்ணனுக்கு மேல்வயிற்றில் வலி வர ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். சாப்பிட்டதும் வரும், முதுகுக்குப் பாயும். மேசை விளிம்பில் நெஞ்சை அழுத்திக் குனிந்துகொண்டே தட்டச்சு செய்வார். வாயுத்தொல்லை என்று சொல்லி மாத்திரையை மென்று விழுங்குவார். ஊருக்கெல்லாம் நோய் சொல்கிறவர் தன் நோயை மட்டும் படிக்கவில்லை என்று நான் கேலி செய்தேன். லீவு போட்டால் அந்த வாரத்துக் கோப்புகள் அடுத்த வாரத்தின் தலையில் ஏறும், அதற்கு வலியே மேல் என்றார்.

ஒரு காலை ஏழரை மணிக்கு நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நானும், எங்கள் வரிசையில் தடித்த மூக்குக் கண்ணாடி போட்ட, 'கண்ணாடி' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணும் அவரைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். திரும்பி வந்தபோது அவர் திரையில் அரைகுறையாக ஒரு கோப்பு திறந்தபடி இருந்தது. சூப்பர்வைசர் அதை எனக்கு மாற்றிவிட்டார்.

பித்தப்பையில் கல். அதில் ஒன்று உருண்டு வந்து கணையத்தின் வாயை அடைத்துவிட்டது. செரிமான நீர் வெளியேற வழியில்லாமல் கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்து வந்தார். பாதி உடம்பாக வந்தார்.

ஐந்து வாரம் கழித்து வயிறு மறுபடி உப்பியது. கணையத்திலிருந்து கசிந்த நீர் இரைப்பைக்குப் பின்னால் தேங்கிப் பையாகக் கட்டிக்கொண்டது. பொய்க்கட்டி என்பார்கள். உண்மையான கட்டிக்கு உள்ளே தனக்கென்று ஒரு தோல் உண்டு, இதற்கு அது கிடையாது. சுற்றியிருக்கும் சதையே சுவராக நிற்கும். தேங்காய் அளவு இருக்கிறது, வாய் வழியாகக் குழாய் விட்டு நீரை இரைப்பைக்குள் வடித்துவிடலாம், ரொம்ப நாள் விட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. குடியால் வந்த நோய்க்குப் பாலிசியில் இடமில்லை.

அண்ணி எனக்கு போன் செய்து வரச் சொன்னார். மத்தியானம் போனேன். தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்துக் கடிதத்தையும், ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிய குறியீட்டுத் தாளையும் கொடுத்தார்.

"கல்யாணம் காட்சின்னா ஒரு வாய் குடிப்பாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவை இருந்தா அதிகம். அட்மிஷன்ல கேட்டப்ப மறைக்காம சொன்னோம். அதுக்கு இப்படியா? நீ இதே வேலைதானே பாக்குற, என்னன்னு பாத்துச் சொல்லும்மா."

பார்த்தேன். கே எண்பத்தைந்து, திடீர்க் கணைய அழற்சி. அதில் புள்ளிக்குப் பிறகு ஒன்று வந்தால் பித்தக் கல்லால் வந்தது. இரண்டு வந்தால் குடியால் வந்தது. தாளில் புள்ளி இரண்டு என்று இருந்தது. எப்போதாவது மது என்று நர்ஸ் எழுதிய ஒரு வரியை மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கிறது. குடிதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதவில்லை. டாக்டர் எழுதாததைக் குறியீட்டாளர் ஊகித்துப் போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. எந்தப் பாவி இதை ஏற்றுக்கொண்டது என்று தாளின் அடியில் பார்த்தேன். குறியீட்டாளர் எண் முந்நூற்றுப் பதினெட்டு.

அது என் எண்.

இரண்டு மாதம் முன்பு அந்த ஆஸ்பத்திரியின் வேலையையும் எங்கள் கம்பெனி பிடித்திருந்தது. அண்ணன் பெயரில்லாமல் என் திரைக்கு வந்திருக்கிறார். எவ்வளவு யோசித்தும் அந்தக் கோப்பு எனக்கு ஞாபகம் வரவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பதிவேட்டைத் தேடினேன். நாற்பத்திரண்டு வயது ஆண். அன்றைக்கு என் இருபத்தொன்பதாவது கோப்பு, ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது திறந்தது. திறந்து மூடிய நேரம் நாற்பத்தோரு நொடி. பதினான்காம் பக்கத்தில் ஸ்கேன் அறிக்கை, பித்தப்பையில் கற்கள் என்று தெளிவாக இருந்தது. கடைசிப் பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் அதையேதான் சொன்னது.

திருத்தம் போட வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் போனேன். அவர் என்னை முதலாளியின் அறைக்கு அழைத்துப் போனார். முதலாளி முழுவதும் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"இதைத் திறந்தா ஆஸ்பத்திரிக்காரன் எல்லா கோப்பையும் தணிக்கை பண்ணுவான். காண்ட்ராக்ட் போகும். ரெண்டு ஷிஃப்டுலயும் நூறு பேர் தெருவுக்கு வருவாங்க. பரவாயில்லையா?"

"அவருக்கு நாள் தள்ளிப்போகக் கூடாது சார். உயிர் போற விஷயம்."

"அப்படின்னா இது உங்க கவனக்குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டு, ராஜினாமாவையும் குடுங்க. தனிப்பட்ட ஒருத்தரோட தப்புன்னு அனுப்பிடலாம்."

"மெஷின் போட்டது சார் அது."

"அழுத்துனது யாரு விரல்?"

யோசிக்க நேரம் வேண்டும் என்று வெளியே வந்தேன். கோழைத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். நான்கு நாள் யோசித்தேன். அம்மாவின் மருந்துச் சீட்டு, வீட்டு வாடகை, என் வயதுக்கு இன்னொரு வேலை கிடைக்குமா என்ற பயம், எல்லாம் சேர்ந்து என்னை நாற்காலியோடு கட்டிப்போட்டன. அதற்குள் அண்ணி அவரைப் பொது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தார். அங்கே அந்தக் குழாய்க் கருவி ஒன்றுதான். மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் அண்ணனிடமே போய்ச் சொன்னேன். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் வயிறு தனியாக இருந்தது. அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றுவிட்டார்.

அவர் தலையணையைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எத்தனாவது?" என்றார்.

"இருபத்தொன்பது, அண்ணே."

"ஸ்கேன்ல கல்லுன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு. பதினாலாம் பக்கம்."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் இருக்கும். சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"உன்னைத் திட்டத்தான் வாய் வருது. ஆனா நாலு மாசமா நானும் முப்பத்திரண்டுதான் போட்டேன். அதுல யார் யாரை எப்படிப் போட்டேனோ, எனக்கும் ஞாபகம் இல்ல."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், போயிட்டு வா என்றார்.

அன்றே ராஜினாமாவையும், என் தவறுதான் என்ற கடிதத்தையும் எழுதி எடுத்துப் போனேன். திருத்தம் போனால் போதும் என்றிருந்தது. முதலாளி வெளியூர் போயிருப்பதாகவும், வரும்வரை எதையும் வாங்கக்கூடாது என்று உத்தரவு என்றும் சூப்பர்வைசர் சொன்னார். கடிதம் என் பையிலேயே கிடந்தது.

அதிலிருந்து எட்டாம் நாள் மத்தியானம் அண்ணன் வயிற்றில் கட்டியிருந்த நீர்ப்பைக்குள் ரத்தக் குழாய் வெடித்தது. ஆஸ்பத்திரி வாசலை எட்டுமுன்னே அகராதி அண்ணன் போய்விட்டார். பொது ஆஸ்பத்திரி கொடுத்த தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

சாவுக்கு நான் போனேன். கூட்டத்தின் பின்னால் நின்றேன். அண்ணி அழுகையின் நடுவே ஒருமுறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குச் சொல் கிடையாது.

ஒரு வாரம் கழித்து, பகல் ஒரு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தோம். கேட் அருகே அண்ணி நின்றிருந்தார். கையில் இறப்புக்கான ஆஸ்பத்திரித் தாள். பழைய கோப்பிலிருந்து எடுத்து அதிலும் மதுவால் வந்த கணைய நோய் என்று அச்சடித்திருந்தார்கள். எங்கள் கால்கள் தாமாக நின்றன.

"இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார். "அவகூடப் பேச நான் வரல. அவர் குடிச்சுச் செத்தாருன்னு என் பொண்ணு நாளைக்கு இந்தப் பேப்பரைப் படிக்கும். மத்தவங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். இந்த மாதிரி நீங்கல்லாம் எத்தனை எழுதியிருக்கீங்க?"

எங்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

மறுநாள் ஐந்து மணி. கம்ப்யூட்டர்கள் விழித்தன. நான் குறித்துக்கொள்ள ஒரு தாளை வைத்துக்கொண்டு, என் எண்ணில் போன கணைய அழற்சிக் கோப்புகளைத் தேடினேன். தலை நிமிர்ந்து பக்கத்தில் பார்த்தபோது கண்ணாடியும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவள் எட்டிப் பின்வரிசைக்காரனின் தோளைத் தட்டி மெதுவாக ஏதோ சொன்னாள். அவன் அடுத்தவனிடம் சொன்னான். ஆறு மணிக்குப் பிறகு புதுக் கோப்பு எதுவும் திறக்கப்படவில்லை. அந்த ஹாலில் முதல் முறையாக விசைகளின் தூறல் நின்று, பக்கம் பக்கமாகப் படிக்கிற மௌனம் இறங்கியது. இடையில் ஒருவன் விசும்பினான். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்திக்கு, மருந்து ஒவ்வாமல் வந்த நோயை அவன் குடி என்று ஏற்றிருந்தான்.

எட்டரை மணிக்கு எண்ணிக்கை வந்தது. டாக்டர் எழுதாமலே புள்ளி இரண்டு போட்டவை நூற்றுப் பதினேழு.

சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து மிரட்டிப் பார்த்துவிட்டு முதலாளியை அழைத்து வந்தார். முதலாளி நேராக என்னிடம்தான் வந்தார்.

"உங்க ராஜினாமாவை இப்பவே வாங்கிக்கிறேன். கடிதம் எங்க?"

நான் பையைத் திறக்கப் போனேன். கண்ணாடி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்ப என்கிட்டயும் வாங்குங்க சார். என் நம்பர் முந்நூத்து நாப்பது. என் பேர்ல ஒன்பது இருக்கு."

பின்வரிசைக்காரன் எழுந்தான். "எனக்கு நாலு."

"எனக்கு ஆறு."

ஒவ்வொருவராக எண்ணைச் சொல்லி எழுந்தார்கள். பெருமையாகச் சொன்னதல்ல. சிலர் அழுதுகொண்டு சொன்னார்கள். ஏழெட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை. அவர்களுடைய பயம் எனக்குத் தெரியும், அது என் வீட்டிலும் குடியிருந்ததுதான்.

"யார் உங்களை இதைத் தேடச் சொன்னது?" என்றார் முதலாளி.

"யாரும் சொல்லல சார்," என்றாள் கண்ணாடி. "படிச்சுப் பாத்தோம். அவ்வளவுதான்."

எங்கள் கோரிக்கையை ஒரே தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தோம். நூற்றுப் பதினேழு கோப்புகளுக்கும் டாக்டர்களுக்குக் கேள்வி போக வேண்டும். முப்பத்திரண்டு பழையபடி இருபதாக வேண்டும். யாரையும் தனியாகப் பிரித்து வெளியே அனுப்பக் கூடாது. அவர் தாளைத் தொடவில்லை. இரண்டாம் ஷிஃப்டை உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நாற்காலியைக் காலி செய்யாதவர்களுக்கு நாளைக்கு வேலை இல்லை என்று அறிவித்துவிட்டுப் போனார்.

பத்து மணிக்கு இரண்டாம் ஷிஃப்ட் வந்தது. நாற்பது பேர், தூக்கம் கலைந்த முகங்கள், வாரப்படாத தலைகள். கதவருகே நின்றார்கள். எங்கள் நாற்காலிகளுக்காக வரவழைக்கப்பட்டவர்கள். என்ன நடந்தது என்று கண்ணாடி அவர்களுக்குச் சொன்னாள். அகராதி அண்ணனை அவர்களும் அறிவார்கள். யாரும் கோஷம் போடவில்லை, கை தட்டவில்லை. குழந்தையைத் தாயிடம் விட்டு ஓடி வந்ததாகச் சொன்ன ஒரு பெண் மட்டும் கொஞ்சம் முன்னால் வந்தாள்.

"எங்க ஷிஃப்டுல எத்தனை இருக்குன்னு நாங்க இன்னும் எண்ணலையே. சிஸ்டத்துல பாத்தாத்தானே தெரியும்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கொஞ்சம் நகந்து உக்காருங்கக்கா," என்றாள்.

நகர்ந்தேன். ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்தோம். அவள் உடம்பில் வெயிலின் சூடு இருந்தது. ஹால் முழுவதும் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. சற்று முன் எழுந்திருக்காத ஒருவர், கழுத்தைத் திருப்பாமலே, வந்தவனுக்குத் தன் இருக்கையில் இடம் விட்டார்.

நாளைக்கு எங்களில் யார் உள்ளே வருவோம் என்று தெரியாது. சிஸ்டத்தை எப்போது நிறுத்துவார்கள் என்றும் தெரியாது. நிறுத்துவதற்குள் முடிந்தவரை அனுப்பிவிட வேண்டும். முதல் கேள்விப் படிவத்தில் நாற்பத்திரண்டு வயது ஆண், பதினான்காம் பக்கத்தைப் பார்க்கவும் என்று எழுதி, கீழே என் எண்ணைப் போட்டு அனுப்பினேன். பதில் வர நாளாகலாம். வராமலும் போகலாம். அந்தப் பெண் அடுத்த கோப்பைத் திறந்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். நான் கூடவே வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன்.